இல்லையா, அல்லவா?

அன்புள்ள கயல்,

பிரெஞ்சில் எதிர்மறை வந்ததும் பெயர்ச்சொல்லுக்கு முன்னிருக்கும் அன், யூன், தே எல்லாம் ஏன் மாறிவிடுகின்றன என்று கேட்டிருந்தாய். விதியை மனப்பாடம் செய்யாதே. காரணம் புரிந்தால் விதி தானே வரும்.

'ஜே அன் ஸ்திலோ' என்றால் என்னிடம் ஒரு பேனா இருக்கிறது. இல்லை என்றால் 'ஜெ நே பா தெ ஸ்திலோ'. 'ஜெ ப்வா த்யு கஃபே', நான் காபி குடிக்கிறேன். குடிப்பதில்லை என்றால் 'ஜெ ந ப்வா பா தெ கஃபே'. நிறையக் காபி என்பதற்குப் 'போக்கூ தெ கஃபே' என்று படித்திருப்பாய். அங்கும் அதே 'தெ'. அளவைச் சொன்னால் பின்னால் 'தெ' வரும். எதிர்மறைச் சொல்லான 'பா' சொல்லும் அளவு சுழியம், அவ்வளவுதான். 'இனி இல்லை' என்னும் ப்ளூ, 'ஒருபோதும் இல்லை' என்னும் ழமே ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. உயிரொலிக்கு முன் 'தெ' சுருங்கும்: 'ஜெ நே பா தாமி', எனக்கு நண்பர்கள் இல்லை.

ஆனால் எல்லா எதிர்மறையும் அளவைப் பற்றியதல்ல. பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1929-இல் ஒரு புகைக்குழாயை வரைந்து, அடியில் 'செசி நே பா யூன் பீப்' என்று எழுதினார். 'இது புகைக்குழாய் அல்ல.' இங்கே யூன் மாறவில்லை, பார்த்தாயா? பொருள் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது என்ன என்பதுதான் கேள்வி. பேச்சுத் தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லிவிடுகிறோம். எழுத்துத் தமிழை நினைத்துக்கொள்: 'அல்ல' வரும் இடத்தில், அதாவது எத்ர் என்னும் வினைக்குப் பின், அன், யூன், தே அப்படியே நிற்கும்.

லெ, லா, லே மூன்றும் எந்த எதிர்மறைக்கும் அசையாதவை. 'ஜெ நேம் பா லெ கஃபே' என்றால் காபி என்ற பானமே பிடிக்காது. எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை.

இன்னொன்று. 'ஜெ நே பா அன் ஸூ' என்று யாராவது சொன்னால் தவறென்று திருத்தப் போகாதே. 'ஒரு காசுகூட இல்லை' என்று அழுத்திச் சொல்கிறார். அங்கே அன் என்பது எண்.

அடுத்த கடிதத்தில் உன் சமையலறையில் இல்லாத ஐந்து பொருளையும், உனக்குப் பிடிக்காத ஐந்தையும் பிரெஞ்சில் எழுதி அனுப்பு. முதல் ஐந்தில் 'தெ' இருக்கிறதா, அடுத்த ஐந்தில் 'லெ'யோ 'லா'வோ 'லே'யோ இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா