உடுத்திய துணியும் அதன் ஹக்கும்

பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் துணிப்பெட்டி திறக்கப்படும். ராத்தா மகனுக்குச் சிறுத்துப்போன சட்டை தங்கச்சி மகனுக்குப் போகும். நல்ல வழக்கந்தான். உடுத்திய துணி என்பதால் அதில் ஒரு குறைவும் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஒரு பெண்மணி தம் கையால் நெய்த போர்வையைக் கொடுத்தார். அது அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. அதை உடுத்தி வந்தபோது ஒருவர் கேட்டார், மறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். கேட்டவருக்குப் பின்னர் அதுவே கபனாயிற்று என்பது புகாரீ ஷரீபில் உள்ளது.

கொடுத்தபின் நடப்பதில்தான் கோளாறு. பெருநாளன்று பத்துப் பேர் கூடிய இடத்தில், "இது எங்க மவன் போட்ட சட்டையில்லே!" என்று மாமி சொல்லிவிடுகிறார். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை சாயங்காலத்துக்குள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. சொல்லிக்காட்டியும் மனத்தை நோவித்தும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்று ஸூரத்துல் பகராவின் 264ஆம் ஆயத்து எச்சரிக்கிறது. சற்றுத் தள்ளி 267ஆம் ஆயத்து, நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைக் கொடுக்க நாடாதீர்கள் என்கிறது. பொத்தான் தைத்து, துவைத்து மடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கைக்குப் போய்ச் சேர்ந்தபின் அது வாங்கியவரின் உடைமை. பெருமானார் (ஸல்) அவர்கள் கொடுத்த பட்டு அங்கியை உமர் (ரலி) அவர்கள், மக்காவில் அப்போது முஷ்ரிக்காக இருந்த தம் சகோதரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே, "நான் கொடுத்த சேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள்" என்று முகம் சுளிக்க நமக்கு இடமில்லை.

மவுத்தானவரின் துணிமணிகள் விஷயம் வேறு. மூன்றாம் நாளே அலமாரியைக் காலிசெய்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். நிய்யத்து நல்லதுதான், ஆனால் நம் உடைமையல்லாததை நாம் கொடுக்கிறோம்! துணியும் அவர் விட்டுச்சென்ற சொத்தே. கபன் செலவு, கடன், வஸிய்யத்து போக மீதி வாரிசுகளுடையது. அவர்களில் பாலிகாகாத எத்தீம் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பங்கைத் தருமம் செய்யப் பெற்ற தாய்க்கும் உரிமை கிடையாது. பாகம் பிரித்தபின் பெரியவர்கள் தத்தம் பங்கிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன், வாப்பாவின் சால்வையோ தொப்பியோ, எது வேண்டுமென்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.