விட்டுப் போய்விடலாமா?

வாசிக்க: அப்போஸ்தலர் 16:11–40, பிலிப்பியர் 4:10–20



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் இறப்பர் மலையில் பால் வெட்டு இல்லை. வேலையில்லாத நாளுக்குப் பேரும் இல்லை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மழை பெய்கிறது. அப்படியானால் இத்தகைய நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரருக்குப் பாக்கி, பிள்ளையின் பள்ளிச் செலவு, கூரையில் ஒழுக்கு, இவற்றின் நடுவே மனதில் ஒரு கேள்வி எழும்புகிறது: "எல்லாவற்றையும் விட்டுப் போய்விடலாமா?"

இது வேலையைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல. குடும்பத்தில், சபையில், மாதர் சங்கத்தில், பரீட்சையில் தவறிய பிள்ளையின் உள்ளத்தில், எங்கும் எழும்பும் கேள்வி. இதற்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் பதில், "பொறுத்துக்கொள், இருப்பது போதுமென்று இரு" என்பதே. ஆனால் இந்தப் பதிலைக் கூலியைக் குறைத்துக் கொடுக்க விரும்பியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பொறுமை என்பது என்ன, போதுமென்ற மனம் என்பது என்ன என்று வேதாகமத்திலேயே கேட்டறிவது நல்லது. பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் பட்ட பாடு இதற்கு நல்லதொரு பாடமாக அமைகிறது.

1. கதவு திறந்தும் போகவில்லை

ஓர் அடிமைப் பெண்ணைக் கொண்டு அவளுடைய எஜமான்கள் பணம் சம்பாதித்து வந்தார்கள். பவுல் அவளை விடுவித்தபோது அவர்களுடைய வருமானம் நின்றது. கோபத்தின் வேர் அங்கேதான் இருந்தது. ஆனால் அதிகாரிகள் முன் அவர்கள் அதைச் சொல்லவில்லை. இவர்கள் யூதர், நம் பட்டணத்தைக் கலக்குகிறார்கள் என்றே குற்றஞ்சாட்டினார்கள். விசாரணையின்றி அடி விழுந்தது. கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன.

நடு இரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. அந்த வேளையில் ஓடியிருந்தால் யார் குறை சொல்வார்? ஆனால் கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணிய சிறைக்காவலன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள வாளை உருவினான். பவுல் சத்தமிட்டு அவனைத் தடுத்தார்; ஒருவரும் போகவில்லை என்று அறிவித்தார். தாங்கள் வெளியேறினால் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்பதை அவர் பார்த்தார். கிறிஸ்தவப் பொறுமையின் முதற்படி இதுவே. வலியைச் சகிப்பது மட்டும் பொறுமையல்ல. அருகில் நிற்பவனை விட்டுவிடாதிருப்பதும் பொறுமையே.

நம் சேமிப்புக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கடனைத் திருப்பவில்லை என்றதும் இன்னொருவர் தன் பணத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார். அவரைக் கண்டு மூன்றாமவரும் விலகுகிறார். கடைசியில் அவசரத்துக்குக் கடன் தேவைப்படும் ஏழைத் தாய் மீண்டும் வட்டிக்காரரின் வாசலுக்கே போகிறாள். இந்நாட்டில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1906ஆம் ஆண்டில் தொடங்கின. காலப்போக்கில் அவற்றுள் பல நலிந்து மூடப்பட்டன. 1978ஆம் ஆண்டில், நம் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த வல்கமவில், பி. ஏ. கிரிவந்தெனிய என்பவரின் முயற்சியால் அவை புத்துயிர் பெற்றன. "சணச" என்று நாம் அறிந்திருக்கும் இயக்கம் அவ்வாறே நாடெங்கும் பரவியது. முறிந்துபோனதென்று பலர் கைவிட்டதைச் சிலர் கைவிடவில்லை.

2. சத்தமின்றிப் போகச் சொன்னார்கள், போகவில்லை

மறுநாள் காலையில் அதிகாரிகள் ஆளனுப்பி, இவர்களை விட்டுவிடும்படி சொன்னார்கள். பவுல் நன்றி சொல்லிப் புறப்படவில்லை. ரோமக் குடியுரிமை உள்ள தங்களை விசாரணையின்றிப் பகிரங்கமாக அடித்தவர்கள் இரகசியமாக வெளியே அனுப்புவது எப்படி, அவர்களே நேரில் வரட்டும் என்று உறுதியாக நின்றார். அவர்களும் பயந்து வந்தார்கள்.

இதே பிலிப்பி சபைக்குத்தான் பவுல் பின்னர் மனரம்மியத்தைப் பற்றி எழுதினார் என்பதைக் கவனியுங்கள். போதுமென்ற மனமும் உரிமையைக் கேட்கும் குரலும் ஒரே மனிதனுக்குள் இருந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

குடியுரிமை என்ற சொல்லின் பாரத்தை மலையக மக்களாகிய நாம் நன்கு அறிவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். பங்கு பிரித்தபோது குடும்பங்களும் பிரிந்தன. இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. இடையில் சென்றவை 55 ஆண்டுகள். வாய்மூடிக் கிடந்ததனால் அது கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததனால் கிடைத்தது.

ஆகையால் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்து வைப்பது விசுவாசக் குறைவல்ல. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் தருநரின் பங்காக 12 வீதமும் குறைந்தபட்சம் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் தனியே 3 வீதம் செலுத்த வேண்டும். அவை ஒழுங்காகச் சேருகின்றனவா என்று விசாரிப்பது முறுமுறுப்பு ஆகாது. பவுல் செய்ததும் இத்தகையதே.

3. வேளை வந்தபோது போனார்கள்

அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பவுலும் சீலாவும் பிலிப்பியை விட்டுப் புறப்படுகிறார்கள். முதலில் லீதியாளின் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைக் கண்டு திடப்படுத்துகிறார்கள், பிறகே புறப்படுகிறார்கள்.

எல்லாப் புறப்பாடும் ஓட்டமல்ல. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் உயிருக்குப் பயந்து சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்ல யாருக்கு வாயுண்டு? குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்குப் போனார்கள். அடிக்கும் கையிலிருந்து தப்பி வரும் பெண்ணையும், "போய்ப் பொறுத்துக்கொள்" என்று நாம் திருப்பி அனுப்பலாகாது.

கொழும்புக் கடைக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குப் போக எண்ணுகிறவர்களையும் நாம் குற்றப்படுத்தவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும். நான் விட்டுச் செல்லும் பாரத்தை யார் சுமப்பார்? ஒரு நல்ல வேலைக்குப் போகிறேனா, அல்லது ஒரு வருத்தத்திலிருந்து ஓடுகிறேனா? என் வீட்டாரோடும் மூத்தோரோடும் கலந்து பேசினேனா? இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்தால், தங்கினாலும் போனாலும் சமாதானத்தோடே செய்யலாம்.

4. மனரம்மியம் கற்றுக்கொள்ளப்படுவது

பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் மீண்டும் கட்டப்பட்டவராயிருந்தார். எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொண்டது என்றால் பிறவியிலேயே வந்தது அல்ல, நாட்பட்டு வந்தது. அவர் தனியாகவும் அதைத் தாங்கவில்லை. பிலிப்பியர் அனுப்பிய உதவியை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டு, தம் உபத்திரவத்தில் அவர்கள் பங்குகொண்டது நல்லது என்கிறார். உதவி பெறுவது மனரம்மியத்துக்கு இழுக்கல்ல.

இறப்பர் மரத்தைப் பாருங்கள். நட்டு ஆறேழு ஆண்டுகள் பராமரித்த பின்னரே முதல் வெட்டு. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பட்டை ஒழுங்காக வளராது. பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாளே வெட்டுகிறோம். ஓய்வு கொடுப்பதனால் மரத்தைக் கைவிட்டதாகாது. சோர்ந்த மனதுக்கும் இந்த அளவு வேண்டும். இன்றே எல்லாம் தீர வேண்டும் என்று நம்மையே ஆழமாக வெட்டிக்கொள்ள வேண்டாம். களைத்தவர் சற்று இளைப்பாறட்டும். அவருடைய பங்கை மற்றவர் சில நாள் சுமக்கட்டும்.

பவுல் தங்க வேண்டிய இரவில் தங்கினார், கேட்க வேண்டியதைக் கேட்டார், போக வேண்டிய வேளையில் போனார். இம்மூன்றையும் பகுத்தறியும் ஞானத்தைக் கர்த்தர் நமக்கும் அருள்வாராக.

குழுவாகச் சிந்திக்க

1. நம் தோட்டத்தில் தொடங்கி இடையில் கைவிடப்பட்ட நல்ல காரியம் எது? அதை மீண்டும் தொடங்க முதலில் என்ன செய்யலாம்?

2. "பொறுத்துக்கொள்" என்று நாம் யாருக்காவது சொல்லி, அவருடைய நியாயத்தை மூடிவிட்டோமா?

3. இப்போது விட்டுப் போக நினைத்துக்கொண்டிருப்பவர் யார்? இந்த வாரம் அவரை யார் சந்திப்பது?