50 வருஷப் பழைய பிரீஆம்ப் வாங்கலாமா? விலைக்கு அப்புறம் வர்ற கணக்கு

போனஸ் வந்த வாரத்துல நிறைய பேர் தேடிப் பார்க்கிற பொருள்ல பழைய ஹை-ஃபை ஆடியோவும் ஒண்ணு. படத்துல அழகா இருக்கும், விலை 25,000 ரூபாய்னு போட்டிருக்கும், "இதே தரத்துல புதுசு வாங்கினா லட்சம் ஆகும்"னு மனசு சொல்லும். அந்த 25,000 உண்மையில எவ்வளவுன்னு இன்னைக்குப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரே ஒரு மாடலை எடுத்துக்குவோம்: இங்கிலாந்துக் கம்பெனி குவாட் தயாரித்த குவாட் 33.

1967-ல வந்த மாடல் இது. பீட்டர் வாக்கர் 1936-ல தொடங்கிய கம்பெனி, அதுவரைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையருக்குப் பேர் போனது. 33-தான் அவங்களோட முதல் டிரான்சிஸ்டர் பிரீஆம்ப். 1982 வரைக்கும் தயாரிச்சாங்க. அதாவது, உங்க கைக்கு வர்றது எவ்வளவு "புதுசா" இருந்தாலும் அதுக்கு வயசு 40-ஐத் தாண்டியிருக்கும். உங்களை விட சீனியர்!

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். பிரீஆம்ப் நேரடியா ஸ்பீக்கரை ஓட்டாது. எந்த சோர்ஸ் ஓடணும், சத்தம் எவ்வளவு, பாஸ், ட்ரெபிள் எவ்வளவு என்பதை அது பார்த்துக்கும். ஸ்பீக்கரை ஓட்ட தனியா பவர் ஆம்ப் வேணும். குவாட் 33-க்கு ஜோடியா வந்தது 303 என்ற 45 வாட்ஸ் பவர் ஆம்ப். இது தெரியாம பிரீஆம்பை மட்டும் வாங்கிட்டா, அடுத்த செலவு தானா வந்து நிக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: நீங்க எதுல பாட்டு கேட்கிறீங்க?

1967-ல பிரீஆம்ப் இல்லாம வேலை நடக்காது. இசைத்தட்டுல ஓடுற மேக்னட்டிக் கார்ட்ரிட்ஜ் தர்ற சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கணும். ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைச்சு ட்ரெபிளைக் கூட்டியிருப்பாங்க, அதையும் திருப்பிச் சரி செய்யணும். இந்த ரெண்டும் பிரீஆம்ப் வேலை. குவாட் 33-ல இதுக்குன்னே உள்ளே ஒரு சின்ன போர்டு இருக்கு, அதைக் கழற்றித் திருப்பிச் செருகினா வேற வகை கார்ட்ரிட்ஜுக்கு மாறிக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டுக்குன்னு ஃபில்டர் பட்டன்களும் உண்டு. பழைய ரெக்கார்டு சேகரிக்கிறவங்களுக்கு இது இன்னைக்கும் உபயோகமான சாமான். இப்போ வர்ற பல பிரீஆம்ப்ல அந்த ஃபில்டரைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனா சிடி பிளேயர், டிஏசி மாதிரி கருவிகள் தர்ற சிக்னல் 2 வோல்ட். குவாட் 33-ன் ரேடியோ இன்புட் எதிர்பார்க்கிறது 100 மில்லிவோல்ட். 20 மடங்கு அதிகம்! வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும். அந்தக் குறைஞ்ச நிலையில பழைய வால்யூம் கன்ட்ரோல் இடது, வலது பக்கங்களைச் சமமாவும் கொடுக்காது. நடுவுல அட்டென்யுவேட்டர் போட்டுச் சமாளிக்கலாம். யோசிச்சுப் பாருங்க, பெரிய சிக்னலைக் குறைச்சு உள்ளே அனுப்பி, அதைத் திரும்பப் பெருக்கி வெளியே எடுக்கப் போறோம். ஃபோன்ல ஸ்ட்ரீமிங் மட்டும் கேட்கிறவங்களுக்கு இது தேவையே இல்லைங்க. ரிமோட்டும் கிடையாது.

வெளியே போற பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. 33 தர்றது அரை வோல்ட், 303-க்கு அது போதும். இன்னைய பவர் ஆம்ப்கள் பல 1 முதல் 2 வோல்ட் வரைக்கும் கேட்கும், அதனால முழு சத்தம் வராது. பின்னாடி இருக்கிறதும் டின் சாக்கெட், சாதாரண ஆர்சிஏ வயர் செருக முடியாது.

இப்போ பணத்துக்கு வருவோம். கீழே இருக்கிறது எல்லாம் கணக்குக்காக நான் வெச்ச தொகை. உங்க தொகையைப் போட்டு மாத்திக்கோங்க.

வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட 25,000. கூரியர் 6,000. சுங்க வரிக்கு 10,000-ன்னு வெச்சுக்கலாம். விகிதம் மாறிக்கிட்டே இருக்கும், ஆர்டர் போடுற அன்னைக்குப் பாருங்க. பொருள் விலைக்கு மட்டும் இல்லாம கூரியர், இன்ஷூரன்ஸையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. டின் கேபிள், அட்டென்யுவேட்டர் 3,000. சர்வீஸ் 7,000. மொத்தம் 51,000. போட்டிருந்த விலையை விட ரெண்டு மடங்கு!

இதே மாடலை நம்ம ஊர்லயே ஒருத்தர் சர்வீஸ் பண்ணி 40,000-க்குத் தர்றார்னு வையுங்க. கேபிள் சேர்த்து 43,000. லிஸ்ட்ல "காஸ்ட்லி"யாத் தெரிஞ்சது 8,000 ரூபாய் குறைவு, நேர்ல போய்க் காதால கேட்டுட்டும் வாங்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

"ரீசேல் வேல்யூ இருக்கு சார், இது இன்வெஸ்ட்மென்ட்"னு சிலர் சொல்வாங்க. பார்த்துடலாம். 43,000-க்கு வாங்கி, 5 வருஷம் கழிச்சு 30,000-க்கு வித்தா நஷ்டம் 13,000. பலர் கணக்கை இங்கேயே முடிச்சுடுவாங்க. அந்த 43,000 ரூபாய் 7 சதவீத எஃப்டியில இருந்திருந்தா சுமார் 60,300 ஆகியிருக்கும், கைவிட்ட வட்டி 17,300. ரெண்டையும் கூட்டி 60 மாசத்தால வகுத்தா மாசம் 505 ரூபாய். இது சந்தோஷத்துக்கான செலவு. வாரத்துல நாலு நாள் ரெக்கார்டு போடுறவருக்கு 505 ரொம்ப நியாயமான தொகை. அலமாரி அழகுக்குன்னா நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா இன்வெஸ்ட்மென்ட்னு பேர் வைக்காதீங்க. வாங்குற ஆள் நாட்டுல கொஞ்சப் பேர்தான், அவசரத்துக்கு விக்கணும்னா கேட்ட விலை வராது. கிரெடிட் கார்டு பாக்கியில வாங்கினா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும், அப்புறம் மேல போட்ட கணக்குக்கு அர்த்தமே இல்லை. எமர்ஜென்சி ஃபண்டு பக்கம் கையே போகக் கூடாது.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? விற்பனையாளர்கிட்ட முதல் கேள்வி: எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மாத்தியாச்சா, எப்போ? வருஷம் ஆக ஆக அது உள்ளே காய்ஞ்சு போகும். ஹம் சத்தம், பாஸ் குறையறது, ஒரு சேனல் மங்கறதுக்கெல்லாம் முதல் சந்தேகம் அதுமேலதான். உதிரி விலை குறைவு, சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். பொறுமையா உட்கார்ந்து சால்டர் பண்ற கைதான் கிடைக்கறது கஷ்டம். அதனால பொருளைத் தேடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடிப் பிடிங்க.

வால்யூம் திருப்பும்போது கரகரன்னு வந்தா பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர்ல பெரும்பாலும் சரியாகும். பட்டன் அழுத்தினா ஒரு பக்கம் போய் வருதுன்னாலும் துரு, அழுக்குதான் காரணமா இருக்கும். குறைச்சுக் கேட்க இது நல்ல பாயின்ட். ஆனா எதையும் தொடாமலே உஸ்ஸ், பட்பட்னு சத்தம் வந்தா டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், விலகிடுங்க. "டெஸ்ட் பண்ணலை"ன்னு எழுதியிருந்தா ஓடலைன்னே எடுத்துக்கிட்டு விலை சொல்லுங்க. டெஸ்ட் பண்ண அஞ்சு நிமிஷம் போதும், ஏன் பண்ணலைன்னு யோசிங்க.

பின்பக்க வோல்டேஜ் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இங்கிலாந்துல ஓடினது 240 வோல்ட், நம்ம 230-க்குப் பிரச்சினை இல்லை. ஜப்பான்ல ஓடின பொருள்னா 100 வோல்ட், அமெரிக்கான்னா 120. அப்படியே நம்ம பிளக்ல செருகினா டிரான்ஸ்ஃபார்மர் காலி. ஸ்டெப்-டவுன் வாங்கற காசையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஆசையில நேரா ஆன் பண்ணிடாதீங்க. மெக்கானிக் கையில கொடுத்து சீரிஸ் லேம்ப் போட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட் இருக்கு, உடனே நிறுத்திடலாம். ஒரு மின்னு மின்னிட்டு மங்கிட்டா அடுத்ததா இன்புட்டை ஒவ்வொண்ணா மாத்திக் கேட்டுப் பார்க்கலாம்.