அணுமின் நிலையங்கள் ஏன் வேண்டாம்?

வெஸ்ட்லியில் நம் வீடுகளுக்கு ஒளியும் வெப்பமும் தரும் மின்சாரத்தின் பெரும்பகுதி, மலைகளிலிருந்து இறங்கும் நீரின் விசையால் பெறப்படுவதாகும். நோர்வேயில் அணுமின் நிலையம் ஒன்றேனும் இயங்கியதில்லை. ஹால்டன், ஷெல்லர் ஆகிய இடங்களில் இருந்தவை ஆராய்ச்சி உலைகளே. ஆயினும் அணுமின் நிலைய விபத்தொன்றின் விலையை இந்நாடும் செலுத்தியது என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

1986 ஏப்ரல் 26ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தில், இன்றைய உக்ரேனில் உள்ள செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அங்கிருந்து எழுந்த கதிரியக்கத் துகள்களைக் காற்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் சுமந்து வந்தது. மழை அவற்றை நோர்வேயின் மலைகளில் இறக்கியது. அம்மலைகளில் 'லாவ்' எனப்படும் ஒருவகைப் பாசி படர்கின்றது. அதற்கு வேர் இல்லை. காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே உணவைப் பெறுகின்றது. ஆகவே தன்மீது வீழ்ந்த சீசியம்-137ஐ அது எளிதிற் பற்றிக்கொண்டது. பாசியைப் பனிமான் தின்றது. பனிமானைச் சாமி இன மக்கள் உண்டனர்.

உணவில் இருக்கத்தக்க சீசியத்தின் எல்லை கிலோவுக்கு 600 பெக்கரல் என முதலில் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், பனிமான் இறைச்சிக்கு மட்டும் அது 6000 ஆக உயர்த்தப்பட்டது. மந்தை வளர்ப்பே அழிந்துவிடும் என்பதுதான் காரணம். ஒஸ்லோவில் ஆண்டுக்கு ஓரிருமுறை அவ்விறைச்சியை உண்பவருக்கு இதனால் பெருங்கேடில்லை. அதையே அன்றாட உணவாகக் கொண்டவர் என் செய்வர்? ஆடுகளுக்கும் இடர் நேர்ந்தது. அவற்றின் உடலிலிருந்து சீசியத்தை வெளியேற்றப் 'பேர்லின் நீலம்' என்னும் சாயப்பொருளைத் தீவனத்திலும் உப்புக்கட்டியிலும் கலந்து கொடுத்தனர். இது ஓராண்டுடன் முடிந்த வேலையன்று. சீசியம்-137 பாதியாகக் குறைய முப்பது ஆண்டுகள் செல்லும். 1986இல் வீழ்ந்ததில் காற்பங்கு 2046இலும் எஞ்சியிருக்கும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

செர்னோபில் மின்சாரத்தில் சாமி மக்கள் ஒரு விளக்கேனும் ஏற்றியதில்லை. அணுமின்சக்திக்கு எதிராக நாம் முன்வைக்கும் முதன்மை வாதம் இதுவே: பயனைப் பெறுவோர் ஒருவர், ஆபத்தைச் சுமப்போர் வேறொருவர்.

தமிழகத்தின் தென்கோடியில் கூடங்குளம் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவ மக்கள் எழுப்பிய குரலும் இத்தகையதே. 2011 மார்ச்சில் யப்பானின் புக்குசிமா உலைகள் ஆழிப்பேரலையால் சிதைந்ததைக் கண்டபின் அவர்களது போராட்டம் வலுப்பெற்றது. 2004இல் ஆழிப்பேரலையின் கொடுமையை நேரிற் கண்ட கரையோர மக்கள் அஞ்சியதை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையன்று. அவர்களுள் பலர்மீது தேசத்துரோக வழக்குகள் தொடரப்பட்டன. 2013இல் உலை இயங்கத் தொடங்கியது.

நிலக்கரியைப்போல் அணுவுலை வளியைப் புகையால் மாசுபடுத்துவதில்லை என்பர். அது மெய்தான். ஆனால் அதன் கழிவிலுள்ள புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். அத்துணைக் காலம் காவல் புரியக்கூடிய அரசு எது?

2024இல் நோர்வே அரசு அணுமின்சக்தி பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்தது. ஹால்டன், ஷெல்லர் உலைகளை நிரந்தரமாக மூடும் முடிவுகள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்டன. அச்சிறு உலைகளின் எரிபொருட் கழிவுக்கே இந்நாட்டில் நிலையான இருப்பிடம் இன்னும் அமைக்கப்படவில்லை.