90–10, 70–30: ஒரே வரிசையில் சேர்க்கலாமா?

சென்ற விடுமுறையில் பயிற்சிக்காகத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான்கு வாரம் இருந்தேன். அங்கே நான் தைரியமாகச் சொன்ன ஒரு தப்பான பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு பழைய கப்பலின் கடல்நீர்க் குளிர்விப்புக் குழாயிலிருந்து ஒரு துண்டைக் கழற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். 100 மி.மீ. குழாய், பெண்டில் பொத்தல். வரிசை முழுவதும் 70–30, அதாவது 70 பங்கு செம்பு, 30 பங்கு நிக்கல். முன்பு நடந்த ரிப்பேரில் யாரோ அந்தப் பெண்டை மட்டும் 90–10-ல் போட்டிருந்தார்கள். ஃபோர்மேன் அண்ணாச்சி, "என்ன காரணம்னு சொல்லு தம்பி, ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு. "கால்வானிக் அரிப்பு, அண்ணாச்சி. ரெண்டு வேற உலோகம், நடுவுல கடல்நீர். பேட்டரி மாதிரிதான்" என்றேன்.

"அப்படின்னா ஓட்டை ஜாயின்ட் பக்கத்துலல்ல இருக்கணும்? இது ஏன் வளைவுல இருக்கு?" என்று கேட்டார் பாருங்க, எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

அவர் கேட்டது சரிதான். இரண்டு உலோகங்களின் மின்னழுத்த வேறுபாட்டால் அரிப்பு வந்தால், அது இணைப்பை ஒட்டித்தான் அதிகமாக இருக்கும். செப்பு-நிக்கலோடு இரும்புக் குழாயை நேரே மாட்டினால் இரும்பு அப்படித்தான் கரையும். ஆனால் நம் பாடப்புத்தகத்தின் கால்வானிக் வரிசையை எடுத்துப் பாருங்கள். 90–10-ம் 70–30-ம் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். 90–10 குழாயை வெல்டிங் செய்யவே பெரும்பாலும் 70–30 கம்பியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சேர்த்தாலே கெட்டுவிடும் என்றால் ஒவ்வொரு வெல்டிங்கும் ஓட்டையாகியிருக்க வேண்டுமே!

பிறகு ஏன் பொத்தல்? செப்பு-நிக்கலைக் கடலில் காப்பாற்றுவது அதன் உட்புறத்தில் தானாகப் படியும் மெல்லிய படலம். தண்ணீர் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று அடித்தால் அந்தப் படலம் பிய்ந்துவிடும். 100 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட குழாய்களில் 90–10-க்கு விநாடிக்கு 3.5 மீட்டர், 70–30-க்கு 4 மீட்டர் என்பது வழக்கமாகக் கொள்ளும் உச்ச வரம்பு. கணக்குப் போட்டால் 90–10-ல் மணிக்குச் சுமார் 99 கன மீட்டர், 70–30-ல் சுமார் 113. வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் பெண்டுக்குச் சற்று முன்னால் ஒரு வால்வு இருந்தது. அதைப் பாதி மூடி ஓட்டினால் அந்த இடுக்கில் வேகம் எங்கேயோ போய்விடும். அந்த நீர் நேரே வளைவின் வெளிச்சுவரில் மோதும்.

பெண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே குதிரைலாட வடிவில் சின்னச் சின்னக் குழிகள், குதிரை நீரோட்டத்தை எதிர்த்து நடந்து போனது போல! நீர் மோதி அரித்ததற்கு இதுதான் அடையாளம். ஜாயின்ட் ஓரம் சுத்தமாக இருந்தது.

ஆக, இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பிறகு அந்த வரிசை 70–30 வரிசை இல்லை; வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் 90–10-ன் வரம்புதான் அதற்கு. 70–30 பலம் கூடியது என்பதால் சுவரை மெல்லியதாக வைத்திருப்பார்கள். அதே கனத்தில் 90–10-ஐ மாட்டினால் அழுத்தம் தாங்கும் சக்தியும் குறையும். இன்னொன்று, புதுத் துண்டில் படலம் இன்னும் முற்றியிருக்காது. சுமார் 16 டிகிரி குளிர்ந்த நீரில் அதற்கு 2, 3 மாதம்கூட ஆகும். நம் பக்கத்துச் சூட்டுக்குச் சீக்கிரம் ஆகிவிடும். அதற்குள் சல்பைடு கலந்த துறைமுக அழுக்கு நீரை உள்ளே தேங்கவிட்டால் படலமே கெட்டதாகப் படியும்.

நான் சொன்னபடி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்சுலேஷன் ஃபிளாஞ்ச் ஒன்றைப் போட்டு, மறுபடியும் அதே 90–10 பெண்டை மாட்டி, பாதி மூடிய வால்வை அப்படியே விட்டிருப்பார்கள். அடுத்த முறை அது நடுக்கடலில், எஞ்சின் அறையில் பிய்த்துக்கொண்டிருக்கும். கீழே நின்று வேலை செய்பவன் நிலைமையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. ஸ்டோரிலிருந்து நான் தூக்கி வந்திருந்த மாற்றுப் பெண்டில் எந்தக் குறியும் இல்லை. அண்ணாச்சி அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். லேசான இளஞ்சிவப்பு! 70–30 என்றால் நல்ல வெள்ளிநிறம் காட்டும். (பதினோரு பக்க இரண்டு ரூபாய் நாணயம் வீட்டில் கிடந்தால் பாருங்கள். அது 75–25, ஏறக்குறைய அந்த நிறம்தான்.) நிறம் சந்தேகத்துக்குத்தான், முடிவுக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட்தான் என்று சொல்லி, என்னை மறுபடியும் ஸ்டோருக்கு அனுப்பினார்.

சர்டிஃபிகேட்டோடு சரியான பெண்டு வர இரண்டு நாள் ஆனது. வந்ததும் வெள்ளைப் பெயிண்டால் அதன் மேல் 70–30 என்று பெரிதாக எழுதிய பிறகுதான் தரையில் வைத்தேன்.