கணினியின் கணிப்பும் நம் கேள்வியும்

பால் நிறுக்கும் வேளையில் தராசு முள்ளை உற்று நோக்காத தொழிலாளி நம் தோட்டங்களில் உண்டோ? பாலின் எடை மட்டும் போதாது. அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதும் கணக்கில் சேர்கிறது. நல்ல பாலில் நூற்றுக்குச் சுமார் 30 முதல் 40 பங்கு உலர் ரப்பர் இருக்கும். மெட்ரோலாக் கருவி காட்டிய எண்ணில் ஐயம் எழுந்தால், "கிராணி ஐயா, இன்னொரு முறை பாருங்கள்" என்று கேட்பது நம்மவர் வழக்கம். அக்கேள்வியிலிருந்தே இம்மாதப் பாடத்தைத் தொடங்குவோம்.

செயற்கை நுண்ணறிவு என்பது யாது? பழைய பதிவுகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து, அவற்றில் காணும் ஒழுங்கைக் கொண்டு புதியதொன்றைக் கணித்துக் கூறும் கணினி முறையாகும். ஆயர் தாவார் வட்டாரத்தில் ரப்பர் நின்ற பல நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. எஞ்சிய ரப்பர்த் தோட்டமொன்றில், தொழிலாளரின் திறமையை மதிப்பிட இத்தகைய கணினி வைக்கப்படுவதாகக் கற்பனை செய்வோம். அதற்குக் கற்பித்த பதிவுகள் யாவும் இளமரங்கள் நிற்கும் பகுதியில் எடுக்கப்பட்டவை. பட்டை தேய்ந்த கிழமரங்களை வெட்டும் அம்மையாரின் பால் குறைகிறது. இலையுதிர் காலத்தில் மேலும் குறைகிறது. கணினியோ அவரைத் திறமையற்றவர் என்று குறித்துவிடுகிறது! மரத்தின் வயது ஏட்டில் ஏறவில்லை. ஆகவே கணினிக்கு அது தெரியவில்லை.

இத்தகைய அநீதி நேராதிருக்கவே, அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பர் 20-ஆம் நாள் தேசிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அதில் ஏழு கோட்பாடுகள் உள்ளன. நமக்கு நெருக்கமானவை மூன்று: நேர்மை, ஒளிவுமறைவின்மை, பொறுப்புடைமை. அஃதாவது, கணிப்பு ஒருசாரார்க்குப் பாதகமாக அமையலாகாது; எதைக்கொண்டு கணித்தது என்பதை விளக்க வேண்டும்; தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க மனிதர் இருக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 12-இல் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகமும் தொடங்கப்பெற்றது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: இந்நெறிகள் சட்டமாக அன்றி, விரும்பி ஏற்பனவாகவே வெளியிடப்பட்டன.

இக்கேள்வி நம் நாட்டில் முன்பே எழுந்ததுதான். 2020 பிப்ரவரியில் சபா, சரவாக் நீதிமன்றங்கள் தண்டனை அளவைப் பரிந்துரைக்கும் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கின. அதன் கணக்கிலிருந்து 'இனம்' என்ற விவரம் நீக்கப்பட்டது. இறுதித் தீர்ப்பு நீதிபதியின் கையிலேயே இருந்தது. அப்படியிருந்தும் வழக்கறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்தது நன்றே என்பது நம் கருத்து.

தோட்டத்தில் நாம் செய்யக்கூடியது என்ன? வணிக நிறுவனங்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களைக் காணவும், பிழையிருப்பின் திருத்தக் கோரவும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. கோரிக்கையை எழுத்து மூலம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குவோர் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரை அணுகலாம். "கணினி அப்படித்தான் சொல்கிறது" என்று யாரேனும் கூறினால், எந்த மாதத்துப் பதிவு, எந்த மரங்களின் பதிவு என்று பணிவோடு கேளுங்கள்.