பெயர்ப் பட்டியலும் கணினிக் கணக்கும்

இணையவழிக் கற்றலுக்காகப் பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் மூடில். இது 2002 இல் வெளிவந்தது. நாற்பது மாணவியருக்கு ஒவ்வொன்றாகக் கணக்குத் திறப்பது அலுப்பான வேலை. ஒழுங்கான பட்டியலொன்றைக் கொடுத்தால் மென்பொருளே எல்லாக் கணக்குகளையும் திறந்துவிடும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் நான், அப்பட்டியலைத் தயாரிக்கும் முறையை இங்கு விளக்குகிறேன்.

விரிதாளின் முதல் நிரையில் பயனர் பெயர், முதற்பெயர், இறுதிப்பெயர், மின்னஞ்சல் ஆகிய தலைப்புகள் வர வேண்டும். மூடில் எதிர்பார்க்கும் ஆங்கிலச் சொற்களிலேயே அவற்றை எழுத வேண்டும். அதன் கீழ் ஒரு மாணவிக்கு ஒரு நிரை.

பயனர் பெயராக எதை வைப்பது? நம் வகுப்புகளில் பாத்திமாக்கள் பலர். எம்.எப். என்ற முதலெழுத்துகளும் பலருக்குப் பொது. ஒரே பயனர் பெயர் இருமுறை வந்தால் இரண்டாமவருக்குக் கணக்குக் கிடைக்காது. நாம் தெரிவு செய்யும் முறையைப் பொறுத்து, முதலாமவரின் விபரங்கள் மாறிவிடவும் கூடும். எனவே, எவருக்கும் பொதுவாகாத சேர்விலக்கமே பொருத்தமானது. தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி என்று படிப்பது இதைத்தான்.

சேர்விலக்கம் 0457 என்றிருந்தால் விரிதாள் அதை எண்ணாகக் கருதி 457 ஆக்கிவிடும். ஆகவே, தட்டச்சு செய்யுமுன் அந்நிரலை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். பின்னர் பட்டியலைக் காற்புள்ளியால் பிரிக்கப்படும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமியுங்கள். தமிழ்ப் பெயர்கள் சிதையாதிருக்க யூ.ரி.எப்.-8 குறிமுறையைத் தெரிவு செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று நிரைகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பது நல்லது. ஏற்றுமுன் மூடில் காட்டும் முன்னோட்டத்தையும் கவனமாக வாசியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லை இடுவது இலகு. ஆனால் தோழியின் சேர்விலக்கம் தெரிந்த எவரும் அவளது கணக்கினுள் நுழைந்துவிடலாம். கடவுச்சொல்லை மென்பொருளே உருவாக்கி, ஒவ்வொருவரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பும் வசதி உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. சி.எஸ்.வி. கோப்புக்குப் பூட்டு இல்லை. கையில் கிடைத்த எவரும் அதைத் திறந்து வாசிக்கலாம். அதனை வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் நாற்பது பேரின் விபரங்களும் எங்கெல்லாம் செல்லும் என்று யாராலும் கூற முடியாது. வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது.

பெற்றோரே, பிள்ளையின் விபரங்களை யாரேனும் கேட்டால், எதற்காக, யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். மாணவியரே, பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், அது நாற்பது வீடுகள் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.